புதுப்பிப்பு: படகில் சோறு வெந்துவிட்டது

முல்லைத்தீவில் கட்டியிருக்கும் என் பாய்மரப் படகில் 500 வாட் றைஸ் குக்கரைப் போட்டால் இரண்டே நிமிடத்தில் இன்வேட்டர் (பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) கீச்சிட்டு நின்றுவிடுகிறது, பற்றரி பழுதா என்று சென்ற மாதம் இங்கே புலம்பியிருந்தேன்.

பற்றரியில் பிழையில்லை. இன்வேட்டர் முனையில் வோல்ற்மீற்றரை வைத்துப் பார்க்கச் சொன்ன அண்ணைக்கு நன்றி. குக்கர் ஓடும்போது பற்றரியில் 11.9 வோல்ற்; மூன்று மீற்றர் தள்ளியிருந்த இன்வேட்டரில் 10.5. இடையிலிருந்த வயரைத் தொட்டேன், கஞ்சிக் கோப்பை போலச் சுட்டது. 12 வோல்ற்றில் 500 வாட் என்றால் 40 அம்பியருக்கு மேல் ஓடும். நான் போட்டிருந்ததோ 4 சதுர மில்லிமீற்றர் வயர். அந்த மெல்லிய வயரிலேயே வோல்ற் விழுந்து, போதாமல் இன்வேட்டர் நின்றிருக்கிறது. வீட்டுக் கணக்கைக் கடலுக்குக் கொண்டுபோன புத்தி!

இன்வேட்டரைப் பற்றரிக்குப் பக்கத்தில் மாற்றினேன். 25 சதுர மில்லிமீற்றர் கேபிள், பற்றரி முனையோடு ஒரு பியூஸ். அரைக் கொத்து அரிசி அரை மணித்தியாலத்தில் வெந்தது.

ஆனால் ஒரு சோற்றுக்கே 100 அம்பியர்-மணிப் பற்றரியில் கால்வாசி போகிறது. ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். எனவே மனைவி வாங்கிவைத்த 1,800 வாட் மின்கேத்தில் கரையிலேயே நிற்கிறது. தேநீருக்கு மண்ணெண்ணெய் அடுப்புத்தான்.