வெல்லம்பிட்டி வீட்டைச் சீராக்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையால் களனி கங்கை பெருக்கெடுத்தபோது, வெல்லம்பிட்டியில் தனித்து வாழும் எங்கள் பெரியம்மாவின் வீட்டுக்குள் சன்னல் உயரத்துக்கு நீர் ஏறியது. மலைநாட்டு வெள்ளம் இறங்கிவர நேரமெடுக்கும் என்பதால், கொழும்பில் மழை ஓய்ந்த பின்னரும் ஆறு உயர்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா இப்போது கொட்டாஞ்சேனையில் எங்களுடன் நலமாக இருக்கிறார். ஆனாலும் வீடு திரும்பும் நாளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அனுபவமுள்ள மின்னிணைப்பாளர் ஒருவரே எங்களுக்கு மிக அவசரமாகத் தேவை. சுவரிலுள்ள ஆளிகள் யாவும் நீரில் ஊறியிருப்பதால், அவற்றைத் திறந்து உலர்த்திச் சோதிக்கும்வரை பிரதான ஆளியைப் போட நாங்கள் எவரையும் விடமாட்டோம். கிணற்றை இறைக்க ஒரு நீர்ப்பம்பியும் வேண்டும். இறைத்த பின் குளோரின் இடுவது குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்வோம்.

சேறு அள்ள வர விரும்பும் தம்பிமார் சப்பாத்தும் கையுறையும் அணிந்து வாருங்கள். எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால், காலில் காயமுள்ளவர்கள் தயவுசெய்து சேற்றில் இறங்க வேண்டாம். தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

காணி உறுதியின் தாள்கள் நனைந்து ஒட்டிக்கொண்டுள்ளன. அவற்றைக் கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், நாங்கள் கைவைக்கும் முன்னர் தயவுசெய்து அறியத்தாருங்கள். கூலியும் போக்குவரத்துச் செலவும் எங்களுடையவை.