பெரியபிள்ளையாக முந்தியே பையைக் கட்டி வையுங்கோ

நெஞ்சில சின்னக் கட்டி மாதிரித் தட்டுப்பட்டு நோகுதெண்டு பிள்ளை சொன்னால், அனேகமா 2, 2½ வருசத்தில பெரியபிள்ளையாகிடுவா. 10 வயசிலயும் வரலாம், 15 வரையும் பிந்தலாம். அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை முடியட்டும் எண்டு, இதைப் பிள்ளையோட கதைக்கிறதைத் தள்ளாதேங்கோ. எட்டு வயசுக்கு முந்தியே கட்டி தெரிஞ்சால் டொக்டரிட்டக் காட்டுங்கோ.

பள்ளிக்கூடத்தில திடீரெண்டு மாதவிடாய் வந்தால் உதவ, சிப் வைச்ச சின்னத் துணிப்பையில 2 பாட், ஒரு உள்ளாடை, பழைய பேப்பர், ஒரு சொப்பிங் பாக். அதைப் புத்தகப்பைக்குள்ள அடியில வைச்சுவிடுங்கோ. ஒரு பாட்டைப் பிரிச்சு உள்ளாடையில ஒட்டியும் காட்டுங்கோ: பசைப்பக்கம் துணியில, செட்டை ரெண்டும் கீழ மடிச்சு. காட்டாட்டி பசையை உடம்புப் பக்கம் வைச்சிடுங்கள், பாவங்கள்.

நாலு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாத்தவேணும். விடிய ஆறு மணிக்கு பஸ் ஏறுற பிள்ளை வீடு வர ரெண்டு மணி தாண்டும். அதால இன்ரவலுக்கு ஒருக்கால் மாத்தியே ஆகவேணும். பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் பயந்து தண்ணி குடியாமல் இருக்குங்கள். இந்த வெய்யிலுக்கு அது சலக்கடுப்பில கொண்டுபோய் விடும். கக்கூஸ் எப்பிடி இருக்கெண்டு வகுப்பு ரீச்சரிட்ட முதலே கேளுங்கோ.

கறையைப் பற்றியும் ஒண்டு சொல்லுறன். வெள்ளை யூனிபோமைச் சுடுதண்ணியில போடாதேங்கோ, ரத்தம் துணியில இறுகிப் பிடிச்சிடும். உடன பச்சைத் தண்ணியில ஊறவைச்சுக் கசக்கி, பிறகு சவுக்காரம். எங்கட பக்கத்துக் கன கிணறுகளில தண்ணி கடினம், சவுக்காரம் நுரைக்காது. மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தால் அதில அலசுங்கோ. பாட்டைக் கக்கூசுக்குள்ள போட்டால் குழாய் அடைச்சிடும். பேப்பரில சுத்தி வைச்சு, பின்வளவில எரியுங்கோ.

சாப்பாட்டு விசயத்தில உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் நல்லதுதான். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், கிருமி இருக்கும், அவிச்சுக் குடுங்கோ. முருங்கையிலை, கீரையோட தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து நல்லாச் சேரும். சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிச்சால் அது குறையும், ஒரு மணித்தியாலம் போகட்டும். சாமத்தியச் சடங்கு செய்யிறது உங்கட விருப்பம், ஆனால் அதுக்காகக் கிழமைக் கணக்கில பள்ளிக்கூடம் மறிக்காதேங்கோ.

மாதவிடாய் வந்த முதல் நாளைக் கலண்டரில பென்சிலால வட்டம் போடப் பழக்குங்கோ. முதல் ரெண்டு வருசம் 21 நாளிலயும் வரும், 45 நாளிலயும் வரும், பயப்பிடத் தேவையில்லை. மூண்டு மாசம் தாண்டியும் வராட்டி, இல்லாட்டி ஒரு பாட் ஒவ்வொரு மணித்தியாலமும் நனைஞ்சால், மருத்துவமாதுவிட்டக் கேட்டுக்கொண்டு நிக்காமல் நேர ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.