மறுமொழி: வெஜைனோசிஸ் – ‘அழற்சி’ பொருந்துமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். யோனியில் வழக்கமாக இருக்கும் பாக்டீரியா குறைந்து வேறு சில பெருகும் ‘பாக்டீரியல் வெஜைனோசிஸ்’ நோய்க்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ‘பாக்டீரியல் வெஜைனோசிஸ்’ என்பதற்கு ‘யோனி அழற்சி’ என்றே போடலாமே. புதுச் சொல் எதற்கு?

போட முடியாது. அழற்சி என்றால் சிவக்க வேண்டும், வீங்க வேண்டும், எரிய வேண்டும். இதில் பெரும்பாலும் அந்த மூன்றும் இருக்காது. நீர்த்த, சாம்பல் கலந்த வெள்ளைக் கசிவும் மீன்வாடையும்தான் அடையாளம். பலருக்கு அதுவும் தெரியாது. 1980களில் பெயரிட்டவர்கள் அழற்சியைக் குறிக்கும் ‘ஐடிஸ்’ விகுதியை வேண்டுமென்றே தவிர்த்துத்தான் ‘ஓசிஸ்’ என்று முடித்தார்கள். அவர்கள் கழற்றியதை நாம் எதற்கு மறுபடி மாட்ட வேண்டும்?

> அப்படியானால் ‘தொற்று’?

1955இல் கார்ட்னரும் டியூக்ஸும் ஒரே ஒரு கிருமிதான் காரணம் என்றார்கள். இன்று அதற்குக் கார்ட்னெரெல்லா என்று பெயர். ஆனால் நலமாக இருக்கும் பெண்களிடமும் அது இருக்கிறது. ஆகவே ‘தொற்று’ பாதிதான் சரி. முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன்: ஆண் துணைக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2025இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியிருக்கிறது.

> ‘நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு’ என்று நாளிதழ்களில் வருகிறதே?

எனக்கு உறுத்துவதே இதுதான். குடலுக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கே பல வகை உயிர்கள் கலந்திருப்பது நல்லது. யோனியில் கதை தலைகீழ். ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன் இருக்கும் வயதில் சுவரணுக்களில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேர்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்கிவிடுகிறது. பிஹெச் அளவு 4.5க்குக் கீழே, அதாவது அமிலத்தன்மையோடு, நிற்பதால் மற்றவை தலையெடுப்பதில்லை. பலரிடம் லாக்டோபேசில்லஸில் ‘கிரிஸ்பேட்டஸ்’ என்ற ஒரே இனம்தான் கோலோச்சுகிறது. பல வகைகள் சரிசமமாகக் கூடினால்தான் சிக்கல். அதாவது சமநிலைக்குப் பக்கத்தில் போவதே நோய்! (எல்லாப் பெண்களுக்கும் இதே கணக்கு என்றும் சொல்லக்கூடாது. 2011இல் 396 பெண்களிடம் செய்த அமெரிக்க ஆய்வில், லாக்டோபேசில்லஸ் குறைந்தும் தொந்தரவே இல்லாமல் கணிசமானவர்கள் இருந்தார்கள்.)

முதலில் ‘திரிபு’ என்றுதான் யோசித்தேன். உறை ஊற்றினால் தயிர், கெட்டால் திரிந்த பால் – பொருத்தம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கொரோனாக் காலத்தில் டெல்டாவும் ஒமிக்ரானும் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்விட்டன. ‘கேடு’, ‘சீர்கேடு’ இரண்டும் வேண்டவே வேண்டாம். வெள்ளைப்படுதல் என்றாலே ‘சூடு’ என்றும் ‘சுத்தம் போதாது’ என்றும் பெண்ணைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அதைக் கேட்டு உள்ளே சோப்பு போட்டுக் கழுவினால் இருக்கிற லாக்டோபேசில்லஸும் போய்விடும்.

என் பரிந்துரை: மைக்ரோபயோமுக்கு (உடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு) ‘நுண்குடி’, வெஜைனோசிஸுக்கு ‘யோனி நுண்குடிப் பெயர்வு’. குடியிருந்தவை பெயர்ந்தன, வேறு சில வந்து உட்கார்ந்தன. நடப்பதும் அதுதானே.

இன்னொன்று. இந்த நோயைக் கண்டறிய ஸ்லைடில் தேடும் யோனிச் சுவரணுவான ‘க்ளூ செல்’ என்பதைத் ‘துப்புச் செல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார். ரவையில் புரட்டிய மீன் துண்டு போல, ஓரமே தெரியாமல் பாக்டீரியா ஒட்டிக்கிடக்கும். ‘அப்பிய செல்’ என்றால் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கும் புரியும். பத்து வருடம் அந்த ஸ்லைடுகளைப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

---

அக்கா, ‘நுண்குடி’ எனக்குச் சம்மதம். ‘குடி’ என்றதும் சிலருக்குச் சாராயம் நினைவுக்கு வரும், பரவாயில்லை, ‘குடிமக்க’ளையே தாங்கிக்கொண்டோம். ஆனால் மருத்துவமனைத் துண்டறிக்கையில் இந்தச் சொல்லை மட்டும் போட்டால் யாருக்கும் விளங்காது. முதல் வரியில் ‘மீன்வாடையுடன் வெள்ளைப்படுதல்’ என்று போட்டுவிட்டு, அப்புறம் கலைச்சொல்லைத் தரலாம். தயிர் போலத் திட்டுத் திட்டாக, அரிப்போடு வந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சை, அதற்கு மருந்து வேறு என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பலர் கடையில் தாங்களாகவே பூஞ்சை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

ஒரு திருத்தம்: ‘குடிபெயர்வு’ ஏற்கெனவே ப் மிகாமல் வழங்குகிற சொல். ஆகவே ‘நுண்குடிபெயர்வு’ என்று ஒரே சொல்லாக எழுதலாமா?

---

சரி தம்பி, ப்-ஐ எடுத்துவிட்டேன். பட்டியலில் ‘யோனி நுண்குடிபெயர்வு’ என்றே ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.