நித்யாவின் செமினாரும் பீரோ சாவியும்

நித்யா: நாளைக் காலை 8 மணிக்குச் சமூக உளவியல் செமினார். சார்ட் பெரியது, பஸ்ஸில் மடங்கிவிடும். யாராவது காரில் கொண்டுபோய் விட முடியுமா என்று நேற்றே கேட்டிருந்தேன்.

அருண்: பார்த்தோமே

நித்யா: தெரிகிறது அண்ணா. எல்லோருக்கும் ப்ளூ டிக்.

சேகர் பெரியப்பா: இதுவே உன் பாடம்தான் அம்மா. 1968இல் லட்டானே, டார்லி என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர்த் துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். ஆனால் கூட இருந்த இரண்டு பேர், அதாவது சோதனைக்காரர்களின் ஆட்கள், கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே இருந்தபோது 10 சதவீதம் பேர்தான் எழுந்து போனார்கள். பக்கத்தில் இருப்பவன் பதறவில்லை என்றால் நமக்கும் அது ஆபத்தாகத் தெரிவதில்லை. இது ஒன்று. இரண்டாவது...

கலா அத்தை: அண்ணா, கார் யார் கொண்டுவருவது?

சேகர் பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன். இரண்டாவது, வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. ஆள் கூடக் கூடப் பொறுப்பு சிதறிவிடும். அதனால் பெயர் சொல்லிக் கேள். ‘யாராவது’ என்றால் ஒருவரும் வரமாட்டார்கள்.

நித்யா: சரி. முரளி சித்தப்பா, நீங்கள் வருகிறீர்களா?

அருண்: சிக்கினார்

கலா அத்தை: அவனா? வீடு மாற்றிய அன்றைக்குப் பீரோ தூக்கவே வராதவன். சோம்பேறி.

முரளி சித்தப்பா: முதுகு பிடித்திருந்தது அக்கா. எத்தனை தடவை சொல்வது? நீயும் எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதானே வந்தாய்?

கலா அத்தை: எனக்கு டிராஃபிக்

சேகர் பெரியப்பா: நித்யா, குறித்துக்கொள். அடுத்தவர் வராவிட்டால் அவர் குணம், நாம் வராவிட்டால் சூழ்நிலை. பிறர் செய்வதற்கெல்லாம் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணம் காட்டுவதை அடிப்படைப் பிழை என்று 1977இல் சொன்னவர் லீ ராஸ்.

கலா அத்தை: பிழையா? நடந்ததைத்தான் சொன்னேன்

உமா: அந்தப் பீரோ சாவி இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருக்கிறதா?

அருண்: சித்தி, பெயர் சொல்லிக் கேளுங்கள்

நித்யா: (படம்) சார்ட் சரியா, பாருங்கள்

கலா அத்தை: சூப்பர்டா கண்ணு

அருண்: சூப்பர்

உமா: அழகு

முரளி சித்தப்பா: ஆஷ் சோதனைக்கு 1915 என்று இருக்கிறதே. 1951 இல்லையா?

அருண்: எனக்கும் இடித்தது. எல்லோரும் சூப்பர் போட்டதால்...

கலா அத்தை: எனக்கும்தான்

சேகர் பெரியப்பா: ஆஷ் காட்டியதே இதைத்தானே! மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டுக்குச் சமம் என்பது பார்த்ததுமே தெரியும். ஆனால் கூட இருந்த ஆட்கள் வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொன்னதும், முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், இந்தத் தலையாட்டல் வெகுவாகக் குறைந்துவிடும். இன்றைக்கு அந்த ஒருவன் முரளி.

முரளி சித்தப்பா: அக்கா, படித்தாயா?

கலா அத்தை: காருக்குப் பதில் வரவில்லை

முரளி சித்தப்பா: வண்டி சர்வீஸில் இருக்கிறது. சாயங்காலம் வந்துவிட்டால் 7:30க்கு வாசலில் இருப்பேன்.

நித்யா: வராவிட்டால்?

சேகர் பெரியப்பா: கீழ்ப்படிதலைச் சோதித்த மில்கிராமை விட்டுவிட்டோமே! 1963இல்...

அருண்: அப்பா, அதை அவளே படித்துக்கொள்வாள்

உமா: கலா அண்ணி, பீரோ சாவி உங்களிடம் இருக்கிறதா?

கலா அத்தை: ஏன், என்னை மட்டும் கேட்கிறாய்?