கலைச்சொல்: 'கிராஸ் பீஸு'க்குச் சாய்பட்டி

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே கையில்லாச் சட்டை தைப்பதற்கான குறிப்பில் ஒரே ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. கழுத்துக்கும் கைக்குழிக்கும் (கை நுழையும் திறப்பு) வைத்துத் தைக்கிற அந்த ஒடுக்கமான துணித் துண்டை என்னவென்று எழுதுவது? இங்கே தருமபுரியில் தையற்காரர்கள் 'கிராஸ் பீஸ்' என்கிறார்கள். அண்ணன் அதைக் 'குறுக்குப்பட்டி' என்று எழுதியிருந்தார், ஓசூர் அக்கா 'மூலைப்பட்டி' என்றார். நான் 'சாய்பட்டி' என்று முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, அகலவாக்கில் ஓடுவது ஊடை. இந்த இரண்டு திசையிலும் இழுத்தால் துணி அவ்வளவாகக் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே 45 பாகையில் இழுத்துப் பாருங்கள், நூல்கள் சாய்ந்து வழிவிடும், துணி நீளும். கைக்குழிக்கு வேண்டியது இந்த நெகிழ்வுதான். பட்டியை வைத்துத் தைத்து உட்பக்கம் திருப்பும்போது, அதன் இன்னொரு விளிம்பு தையல் கோட்டைவிடப் பெரிய வளைவில் போய்ப் படிய வேண்டும். நேராக வெட்டிய துண்டு அவ்வளவு தூரம் எட்டாது, சுருக்கம் விழும், கைக்குழி முறுக்கிக்கொண்டு நிற்கும். சாய்வாக வெட்டியதோ, தைக்கும்போது லேசாக இழுத்துப் பிடித்து, தையலுக்கு விட்ட ஓரத்தை இடையிடையே கத்தரியால் நறுக்கிவிட்டால் ஒழுங்காகப் படியும்.

இதை வைத்துத்தான் 'குறுக்கு' வேண்டாம் என்கிறேன் அண்ணா. நம் பேச்சில் துணியைக் குறுக்கே வெட்டு என்றால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வெட்டுவது, அதாவது ஊடைப் போக்கில். புதிதாகத் தைக்கப் பழகும் பெண் குறிப்பை அப்படியே நம்பி வெட்டினால், சரியாக வாசித்ததற்காகவே அவள் துணி வீணாகும். செய்முறைக்கென்று ஆக்கும் சொல் கையைத் தப்பான பக்கம் கொண்டுபோகக் கூடாது.

'மூலை' அதைவிட நல்ல சொல். ஆனால் மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை வருவது துணி சதுரமாக இருந்தால் மட்டுமே. 44 அங்குல அகலத்தில் அரை மீட்டர் துணியை எதிரெதிர் மூலைகளை இணைத்து வெட்டினால் கோணம் வேறு. கரையைத் தூக்கி, ஊடைப் போக்கில் வெட்டிய ஓரத்தோடு சேர்த்து மடிக்க வேண்டும், அந்த மடிப்புதான் சரியான சாய்வு. அதற்கு 'முழுச்சாய்வு' என்று பெயர் வைக்கலாம்.

'சாய்பட்டி'யில் ஒற்று மிகாது. சாய்தளம், சாய்சதுரம் மாதிரி வினைத்தொகை, பள்ளிக்கூடம் போன எவருக்கும் காதில் பழகிய அமைப்பு. பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி இருக்கிற மாவட்டத்தில் இது ஊர்ப்பெயர் போல ஒலிக்கிறது என்று ஒருவர் சொன்னார். ஒலிக்கட்டும், சட்டைப்பட்டி, ஊக்குப்பட்டி என்று தையற்காரர் வாயில் நாள்தோறும் புழங்கும் பட்டிதான் இது, வாக்கியத்தில் வரும்போது குழப்பம் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வெட்டு பட்டியோடு நின்றுவிடுவதில்லை. 1920களில் பாரிஸில் மதலேன் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர் முழு உடையையே சாய்வாக வெட்டி, உடம்போடு வழிந்து விழும்படி செய்தார். 'சாய்வெட்டு' என்று வைத்துக்கொண்டால் அதற்கும் சொல் கிடைத்துவிடும். குறுக்கிலிருந்தும் மூலையிலிருந்தும் இப்படிக் கிளை பிரியாது.

அப்புறம், பைப்பிங். இதையும் சாய்பட்டியையும் ஒன்றாக்க வேண்டாம். அது உள்ளே கயிறு வைத்து விளிம்பில் தடித்து நிற்பது, அந்தப் பெயரே இருக்கட்டும். பட்டி முழுதும் உட்பக்கம் போய்விட்டால் 'உட்பட்டி', விளிம்பை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு வெளியே தெரிந்தால் 'விளிம்புறை'. சாய்பட்டி என்பது வெட்டிய விதத்தின் பெயர், இவை தைத்த விதத்தின் பெயர்.

குறிப்பில் இப்படி வரும்: "முழுச்சாய்வில் 1 அங்குல அகலச் சாய்பட்டிகளை வெட்டுங்கள். நீளம் போதாவிட்டால் முனைகளைச் சாய்வாகவே ஒட்டுத் தையுங்கள். கைக்குழியின் நல்ல பக்கத்தில் வைத்து 1/4 அங்குலத்தில் தையுங்கள். மறு ஓரத்தை 1/4 அங்குலம் மடித்து, உட்பக்கம் திருப்பித் தையல் அடியுங்கள்." இந்தக் கணக்கில் உள்ளே 1/2 அங்குல உட்பட்டி நிற்கும்.

'கைக்குழி' என்று எழுதியதற்கும் உங்கள் கருத்து வேண்டும். 'கைவளைவு' என்றால் வெட்டிய கோடு மட்டும் நினைவுக்கு வருகிறது, குழி எவ்வளவு இறங்க வேண்டும் என்பது வருவதில்லை. அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்துத் தையற்காரர்கள் வேறு சொல் வைத்திருந்தால், அது பேச்சுச் சொல்லாக இருந்தாலும் சரி, அப்படியே எழுதி அனுப்புங்கள்.