பெரிய தங்க பெல்ட்: உலக ஹெவிவெயிட் சாம்பியன் பட்டியலில் எண்ணிக்கை ஏன் இடிக்கிறது?

பட்டியல்பிரியன்:
தொழில்முறை மல்யுத்தத்தின் உலக ஹெவிவெயிட் சாம்பியன்கள் எல்லோரையும் ஒரே எக்செல் ஷீட்டில் கொண்டுவரப் பார்க்கிறேன். 1986ல் ரிக் ஃபிளேர் கைக்கு வந்த பெரிய தங்க பெல்ட்டில் ஆரம்பித்து, ஸ்டிங், ஹோகன், கோல்ட்பர்க், டிரிபிள் எச், பட்டிஸ்டா, கிரேட் காளி என்று போய் 2023ல் சேத் ராலின்ஸ் வரை ஒரே வரிசை. ஆனால் ஒத்துவரவில்லை. 1992, 93ல் ஒரே கம்பெனிக்குள் இரண்டு உலக சாம்பியன்கள் நிற்கிறார்கள். 2001 டிசம்பருக்குப் பிறகு ஒன்பது மாதம் ஆளே இல்லை. 2013க்குப் பிறகு ஒன்பது வருடத்துக்கும் மேல் காலி. ஃபிளேர் 16 முறை என்கிறார்கள், எனக்கு வேறு எண் வருகிறது. காளி ஜெயித்த தேதி ஒரு இடத்தில் ஜூலை 17, இன்னொரு இடத்தில் ஜூலை 20. எங்கே பிசகியது?

மூன்றாம்கயிறு:
நீங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள் ப்ரோ, சிக்கல் அங்கேதான். பெல்ட் ஒரு பொருள். பட்டம் என்பது யார் யாரை வென்றார் என்கிற வம்சாவளி. ஒரே பெல்ட் இடுப்பு மாறி மாறி நான்கு பட்டங்களுக்கு அடையாளமாக இருந்திருக்கிறது: என்டபிள்யூஏ (பல மல்யுத்தக் கம்பெனிகளின் கூட்டமைப்பு) உலகப் பட்டம், டபிள்யூசிடபிள்யூ கம்பெனியின் உலகப் பட்டம், அதே டபிள்யூசிடபிள்யூவின் இன்டர்நேஷனல் பட்டம், 2002ல் டபிள்யூடபிள்யூஇ கம்பெனி தொடங்கிய உலக ஹெவிவெயிட் பட்டம். ஷீட்டில் பட்டத்துக்கு ஒரு பத்தி, அந்த நேரத்தில் எந்த பெல்ட் என்பதற்குத் தனிப் பத்தி. இதைப் பிரித்தாலே பாதி குழப்பம் தீரும்.

என்டபிள்யூஏ பட்டம் 1948லேயே தொடங்கிவிட்டது. முதல் சாம்பியன் ஆர்வில் பிரவுன். 1949 நவம்பரில் கார் விபத்தில் அவர் மல்யுத்த வாழ்க்கை முடிய, பட்டம் லூ தெஸ்ஸிடம் போனது. தங்க பெல்ட் வந்தது அதற்கெல்லாம் 37 வருடம் கழித்து. நெவாடா மாநிலம் ரீனோவில் சார்லஸ் கிரம்ரைன் செய்தது. செய்யச் சொன்னது என்டபிள்யூஏவில் உறுப்பாக இருந்த ஜிம் கிராக்கெட்டின் மல்யுத்தக் கம்பெனி, என்டபிள்யூஏ அல்ல. பின்னால் வந்த சண்டைகளுக்கெல்லாம் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1988ல் கிராக்கெட் தன் கம்பெனியை டெட் டர்னரிடம் விற்றார். அதுதான் டபிள்யூசிடபிள்யூ.

நைட்ரோ_ரசிகன்:
1991 முதல் 1994 வரை உள்ள பகுதியை நாள்வாரியாகப் போடாமல் சரிசெய்யவே முடியாது.

1991 ஜனவரி 11: நியூ ஜெர்ஸியில் ஃபிளேர் ஸ்டிங்கை வென்றார். அந்த இரவிலிருந்துதான் டபிள்யூசிடபிள்யூ தன் பட்டத்தைத் தனியாக எண்ணுகிறது. கையில் ஒரே பெல்ட், கணக்கில் இரண்டு பட்டம். மார்ச் 21ல் டோக்கியோ டோமில் தட்சுமி ஃபுஜினாமி ஃபிளேரை வென்றார். அதற்கு முன்பே ஃபிளேரை மேல்கயிற்றுக்கு மேலாக வெளியே எறிந்திருந்தார், அது டபிள்யூசிடபிள்யூ விதிப்படி தகுதிநீக்கம். ஆகவே ஜப்பானில் என்டபிள்யூஏ பட்டம் ஃபுஜினாமிக்கு, அமெரிக்காவில் டபிள்யூசிடபிள்யூ பட்டம் ஃபிளேரிடமே. இரண்டு வம்சாவளியும் முதல்முறை பிரிந்தது இங்கேதான். பலர் இந்த வரியைத் தவறவிடுகிறார்கள். மே 19ல் டபிள்யூசிடபிள்யூவின் முதல் சூப்பர்பிரால் நிகழ்ச்சியில் ஃபுஜினாமியை வென்று ஃபிளேர் இரண்டையும் சேர்த்தார்.

ஜூலையில் சம்பளப் பேச்சு முறிந்து டபிள்யூசிடபிள்யூ அவரை நீக்கியது. என்டபிள்யூஏ சாம்பியன் பெல்ட்டுக்காக 25,000 டாலர் முன்பணம் கட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பணம் திரும்பி வராததால் ஃபிளேர் பெல்ட்டோடு போட்டிக் கம்பெனியான டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) போய் "நிஜ உலக சாம்பியன்" என்று நின்றார். வழக்கு வந்தபின் அவர் கையில் வேறு ஒரு பெல்ட்டைக் கொடுத்து, திரையில் அதை மங்கலாக்கிக் காட்டினார்கள். அதற்குள் ஜூலை 14ல் பால்டிமோரில் லெக்ஸ் லூகர் பேரி விண்டமை வென்று காலியான டபிள்யூசிடபிள்யூ பட்டத்தை எடுத்திருந்தார். அன்று தங்க பெல்ட் இல்லாததால் அவசரத்துக்கு வேறொரு பெல்ட்.

அதன்பின் டபிள்யூசிடபிள்யூ பட்டத்துக்குப் புது பெல்ட் வந்தது. லூகர், ஸ்டிங், வேடர், ரான் சிம்மன்ஸ் எல்லோரும் சுமந்தது அதைத்தான், தங்க பெல்ட்டை அல்ல. மீட்ட தங்க பெல்ட் 1992 ஆகஸ்டில் மசாஹிரோ சோனோ வென்ற என்டபிள்யூஏ பட்டத்துக்குப் போனது. பிறகு முட்டா, விண்டம், ஃபிளேர். உங்கள் ஷீட்டில் இரண்டு சாம்பியன்கள் தெரிவது தவறு இல்லை, உண்மையாகவே இரண்டு பேர் இருந்தார்கள்.

1993ல் ஆர்லாண்டோவில் மாதக்கணக்கான எபிசோடுகளை முன்கூட்டியே படமாக்கினார்கள் (யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவு செய்யப்படுவதுதானே). அதில் ரிக் ரூட் தங்க பெல்ட்டோடு வந்ததால், இன்னும் நடக்காத பட்ட மாற்றம் வெளியே தெரிந்துவிட்டது. எங்களைக் கேட்காமல் சாம்பியனை மாற்றுவதா என்று என்டபிள்யூஏ எதிர்த்தது. செப்டம்பரில் டபிள்யூசிடபிள்யூ என்டபிள்யூஏவிலிருந்து விலகியது. பெயரை என்டபிள்யூஏ வைத்துக்கொண்டது, பெல்ட் டபிள்யூசிடபிள்யூவிடம். கையில் பெல்ட் இருக்கிறது, பட்டத்துக்குப் பெயர் இல்லை. அப்படிப் பிறந்ததுதான் இன்டர்நேஷனல் பட்டம். 1994 ஜூன் 23ல் ஃபிளேர் ஸ்டிங்கை வென்று அதை டபிள்யூசிடபிள்யூ உலகப் பட்டத்தோடு சேர்த்தார். ஹோகன் அடுத்த மாதம் வென்றபோதும், 1996ல் அவர் பெல்ட்டில் பெயிண்ட் அடித்தபோதும், 1998ல் கோல்ட்பர்க் வென்றபோதும் தங்க பெல்ட் குறித்தது டபிள்யூசிடபிள்யூ பட்டத்தை மட்டுமே.

மூன்றாம்கயிறு:
2001க்குப் பிறகு எளிது. மார்ச்சில் டபிள்யூசிடபிள்யூவை டபிள்யூடபிள்யூஎஃப் வாங்கியது. டிசம்பர் 9, வெஞ்சன்ஸ் நிகழ்ச்சி: கிறிஸ் ஜெரிகோ ஒரே இரவில் ராக்கையும் ஸ்டோன் கோல்டையும் வென்று டபிள்யூசிடபிள்யூ, டபிள்யூடபிள்யூஎஃப் பட்டங்கள் இரண்டையும் சேர்த்தார். டபிள்யூசிடபிள்யூ வம்சாவளி அங்கே முடிகிறது. 2002 செப்டம்பர் 2ல் ரா நிகழ்ச்சியின் பொது மேலாளராக வந்த எரிக் பிஷாஃப் டிரிபிள் எச்சிடம் தங்க பெல்ட்டை நீட்டியபோது எந்தப் போட்டியும் நடக்கவில்லை, ராக்கிடமிருந்தோ ஜெரிகோவிடமிருந்தோ பட்டம் கைமாறவில்லை. டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் பிராக் லெஸ்னர் அதன் இன்னொரு நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனுக்கு மட்டும் என்று ஆனதால் ராவுக்கு ஒரு சாம்பியன் தேவைப்பட்டார், அவ்வளவே. அதனால் அது புதுப் பட்டம். உங்கள் ஒன்பது மாத இடைவெளி இடைவெளியே அல்ல, ஒரு ஷீட் முடிந்து அடுத்தது தொடங்குகிறது.

அந்தப் புதுப் பட்டத்தின் முடிவு 2013 டிசம்பர் 15, ஹூஸ்டன். ராண்டி ஆர்ட்டன் ஜான் சீனாவை வென்று அதையும் டபிள்யூடபிள்யூஇ சாம்பியன்ஷிப்பையும் சேர்த்தார். தொடர்ந்தது டபிள்யூடபிள்யூஇ சாம்பியன்ஷிப், ஓய்வு பெற்றது உலக ஹெவிவெயிட். சேர்த்த பட்டத்தின் பெயரில் "உலக ஹெவிவெயிட்" என்ற சொல் ஒட்டிக்கொண்டதால் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. 2023 மே 27ல் ஜெட்டாவில் ராலின்ஸ் ஏ.ஜே. ஸ்டைல்ஸை வென்ற பட்டம் மூன்றாவது கணக்கு. பெயர் மட்டும் பழையது. அவரை பட்டிஸ்டாவுக்குக் கீழே ஒட்டாதீர்கள்.

பட்டியல்பிரியன்:
இப்போது வரிசை பிடிபடுகிறது, நன்றி. ஃபிளேரின் 16, காளியின் தேதி?

நைட்ரோ_ரசிகன்:
16 என்பது டபிள்யூடபிள்யூஇ ஏற்கும் எண்: என்டபிள்யூஏ 8, டபிள்யூசிடபிள்யூ 6, டபிள்யூடபிள்யூஎஃப் 2. கூடுதலாக வருவதற்குக் காரணம் வெளிநாட்டுப் போட்டிகள். 1984 மார்ச்சில் நியூசிலாந்தில் ஹார்லி ரேஸ் ஃபிளேரை வென்றார். சில நாளில் சிங்கப்பூரில் ஃபிளேர் திரும்பப் பிடித்தார். சில பட்டியல்கள் இதைச் சேர்க்கும், சில சேர்க்காது. 1991 ஜனவரி போல ஒரே வெற்றி இரண்டு பட்டத்திலும் பதிவாகும் இடத்தில் இரண்டு முறை கூட்டினாலும் எண் ஏறிவிடும். "யார் ஏற்கிறார்கள்" என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

காளி விஷயம் படப்பிடிப்புத் தேதி. அப்போது ஸ்மாக்டவுன் செவ்வாயன்று படமாகி வெள்ளியன்று ஒளிபரப்பானது. எட்ஜ் காயத்தால் பட்டத்தை விட்டுக்கொடுக்க, காளி பேட்டில் ராயலில் (பலர் ஒரே நேரத்தில் மோதும் போட்டி) வென்றது 2007 ஜூலை 17, டிவியில் வந்தது 20. செப்டம்பர் 16ல் பட்டிஸ்டாவிடம் தோற்றார். முதல் தேதியில் 61 நாள், இரண்டாவதில் 58. பட்டிஸ்டாவின் 2005 ஏப்ரல் 3 முதல் 2006 ஜனவரி 10 வரையிலான 282 நாளும் இதே போல ஒளிபரப்புக் கணக்கில் 285 ஆகும். எந்தத் தேதியை எடுத்தாலும் ஷீட் முழுக்க அதையே எடுங்கள், கலந்தால் நாள் கூட்டலில் எல்லாம் சரியும். நேரலையில் நடந்த ராவுக்கும் பே-பர்-வியூவுக்கும் (தனியாகப் பணம் கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சி) இந்தத் தொல்லை கிடையாது.

மூன்றாம்கயிறு:
இன்னொன்று. பட்டம் காலியான நாளுக்குத் தனி வரி போடுங்கள். எட்ஜ் விட்டுக்கொடுத்ததும் காளி வென்றதும் ஒரே நிகழ்ச்சியில் என்பதால் அங்கே பூஜ்ஜியம் நாள்தான் வரும். ஆனால் என்டபிள்யூஏ பட்டம் 1991 செப்டம்பர் முதல் 1992 ஆகஸ்ட் வரை யாரிடமும் இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் எக்செல் அத்தனை நாளையும் ஃபிளேர் கணக்கில் எழுதிவிடும்.