பாஸ்பேட் பிடித்துவைத்த கால்சியமும் குளோரைடோடு பறந்த ஈயமும்

பசும்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 1200 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் பாலைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, அணு உட்கவர் நிறமாலைமானியில் (சுடரில் பிரியும் அணுக்கள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று பார்த்து அளவு சொல்லும் கருவி) 422.7 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்தபோது அதைவிட வெகுவாகக் குறைந்தே வந்தது. ஸ்டாண்டர்டுகள், அதாவது கால்சியத்தின் அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள், நேர்கோட்டில் நின்றன. கருவியின் ஒளி விளக்கிலும் கோளாறு இல்லை. பால்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்ற பேச்சுகூடக் கிளம்பியது. எனக்கு அது பொறுக்கவில்லை.

குறைத்துக் காட்டியது பாலிலேயே உள்ள பாஸ்பேட். கரைசலின் நுண்துளி சுடரில் உலரும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் இறுகப் பிணைந்துவிடுகின்றன. காற்றும் அசிட்டிலினும் கலந்து எரியும் சுடரின் சுமார் 2300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்தச் சேர்மம் முழுதாக உடைவதில்லை. தனி அணுவாகப் பிரிந்தால்தானே கால்சியம் ஒளியை உட்கவரும்? ஸ்டாண்டர்டில் பாஸ்பேட்டே கிடையாது, அதனால் அதில் எந்தக் குறையும் தெரியாது.

லாந்தனம் குளோரைடு சேர்த்தோம். பாஸ்பேட் லாந்தனத்தைப் பற்றிக்கொண்டு கால்சியத்தை விட்டது. அளவு உரிய இடத்துக்கு ஏறியது. லாந்தனத்தை மாதிரி, ஸ்டாண்டர்ட், பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசல்) மூன்றிலும் ஒரே அளவில் சேர்க்க வேண்டும். தூய்மை குறைந்த லாந்தனத்தில் கால்சியமே மாசாக இருக்கக்கூடும். பிளாங்க் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் சூடான நைட்ரஸ் ஆக்சைடு சுடருக்கு மாறினால் போதாதா என்று கேட்பார்கள். அந்தச் சூட்டில் சேர்மம் உடையும், உண்மைதான். ஆனால் கால்சியம் அணுக்களில் ஒரு பங்கு எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும். அதைத் தடுக்கப் பொட்டாசியம் சேர்க்க வேண்டிவரும். பாலுக்கு நான் லாந்தனத்தையே சொல்வேன்.

மறுமொழி:

கடல்நீரில் ஈயம் பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி. சுடருக்குப் பதிலாக மின்சாரத்தால் சூடாகும் கிராஃபைட் உலையில், சாம்பலாக்கும் கட்டத்திலேயே ஈயத்தின் ஒரு பகுதி குளோரைடாக ஆவியாகிப் போய்விடும். வெப்பத்தைக் குறைத்தாலோ உப்பு அப்படியே தங்கி, அணுவாக்கும்போது புகையாக எழுந்து ஒளியை மறைக்கும். அம்மோனியம் நைட்ரேட் சேர்த்தால் சோடியம் குளோரைடு, சோடியம் நைட்ரேட்டும் அம்மோனியம் குளோரைடுமாக மாறுகிறது. 1400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உப்பை இப்படிக் குறைந்த சூட்டிலேயே வெளியேற்றிவிடலாம். பல்லேடியம் சேர்த்தால் ஈயம் உலையில் நிலைத்து நிற்கும், சாம்பலாக்கும் வெப்பத்தைத் துணிந்து உயர்த்தலாம்.

தெரிந்த அளவு ஈயத்தை மாதிரியிலேயே கூட்டி அளக்கும் முறையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அது அளவீட்டுக் கோட்டின் சாய்வைத்தான் திருத்தும். உப்புப் புகையின் பின்னணியை நீக்கச் சீமன் திருத்தம் (காந்தப்புலத்தைக் கொண்டு பின்னணியைப் பிரித்தறியும் முறை) போன்ற ஒன்று தனியே வேண்டும்.